பள்ளிவாசல் சாவி யாரிடம்?

பத்தூமி துறைமுகத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊத இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது.

பள்ளிவாசலின் பெரிய கதவு உள்ளே தாழிட்டுக் கிடந்தது. அதன் முன்னால் மழையில் நனைந்தபடி இருபது பேர் நின்றார்கள். நஸீரேயின் அம்மா ஷெரிஃபே அந்த இருபதில் ஒருத்தி. பத்து வயது நஸீரே அந்தக் கணக்கில் சேர மாட்டாள். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பள்ளிவாசலில் யாரும் தொழுது அவள் பார்த்ததே இல்லை. அவள் பிறந்த வருடம்தான் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அதைப் பூட்டியது. மினாராவை இடித்தார்கள். சுவரில் இருந்த பூ ஓவியங்கள்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். உள்ளே மக்காச்சோள மூட்டைகளை அடுக்கினார்கள். அப்புறம் போர் வந்தது, நாலு வருடம் நடந்தது, போன வருடம் முடிந்தது.

இப்போது அதே அரசாங்கம், "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தது. ஆனால் இருபது பேர் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை.

பத்தூமியில் அது சின்ன விஷயமில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி எல்லை. அதற்கு அந்தப் பக்கம் துருக்கி. "நீ யார் பக்கம்?" என்று கேட்டு, குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி எங்கோ அனுப்பிய ஊர் இது. நஸீரேயின் பெரியம்மா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவள். அவளுக்கு ஒரு கடிதம் போடக்கூட அம்மா பயப்படுவாள். அப்படிப்பட்ட அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம்" என்றார் தோழர் லாரிசா. நகர அலுவலகத்திலிருந்து வந்தவர் அவர். கறுப்புக் குடைக்கு அடியில் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னிரண்டுக்குள்ள சாவி உங்க கைக்கு வரணும். இல்லேன்னா காகிதம் செல்லாது. கட்டடம் துறைமுகத்துக்குக் கிடங்கா போயிடும்."

தெருவோரம் ஒரு லாரி நின்றது. அது நிறையத் தார் பீப்பாய்கள். ஓட்டுநர் இப்போதே விசில் அடிக்க ஆரம்பித்திருந்தான்.

"டேய் நெஸ்டோர்! கதவைத் திறடா!" துர்சுன் மாமா கதவில் ஓங்கிக் குத்தினார். அவர் துறைமுகத் தச்சர். கை உலக்கை மாதிரி இருக்கும். கதவு அசையவில்லை.

"கோடாலி கொண்டாங்க. உடைச்சிடுவோம்!"

"உடைச்சா ஒப்படைப்பு ஆகாது" என்றார் தோழர் லாரிசா. "சேதமில்லாமன்னு காகிதத்தில இருக்கு. நான் போலீசைக் கூப்பிட்டாலும் சீல் வச்சிட்டுத்தான் போவாங்க."

நெஸ்டோர் சோளக் கிடங்கின் காவலாளி. போன வாரமே மூட்டைகள் எல்லாம் போய்விட்டன. ஆனால் அவர் போகவில்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் மெல்லச் சொன்னாள்: "கட்டடம் கையை விட்டுப் போனா போகட்டும். ஆனா நம்ம பேரும் விலாசமும் அவங்க மேஜையிலயே தங்கிடுமே, அதான் பயமா இருக்கு."

பின்சுவரில் ஒரு துளை இருப்பது நஸீரேக்குத் தெரியும். லாரியிலிருந்து மூட்டைகளை அதன் வழியாகத்தான் உள்ளே சறுக்கி விடுவார்கள். பெரியவர்கள் நுழைய முடியாது. ஆனால் ஒரு மூட்டை நுழைந்தால் அவளும் நுழையலாம்.

"அம்மா, காலெல்லாம் நனையுது. பின்பக்கம் ஒதுங்கிக்கிறேன்."

அதில் பாதி உண்மை.

துளைக்குள் தலையை விட்டபோது ஒரே இருட்டு. சோளத் தூசி மூக்கில் ஏறியது. மூட்டை சறுக்கும் பலகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள். மழையில் நனைந்த கை வழுக்கியது. தலைகீழாகச் சறுக்கிக் கீழே தொப்பென்று விழுந்தாள். முட்டி எரிந்தது.

"யாரது?"

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது.

"நான்தான்."

"நான்தான்னா?"

"நஸீரே. மூணாம் வகுப்பு."

பிறகு ஒரு லாந்தர் விளக்கு அசைந்து அசைந்து வந்தது. நெஸ்டோர் உயரமாக, தாடியோடு இருந்தார். இடது சட்டைக்கை காலியாக, ஊசி குத்தி மடித்திருந்தது. நஸீரே பின்னால் நகர்ந்தாள். சுவர் இடித்தது.

"எப்படி வந்த?"

"சோளம் வர்ற வழியில."

"உன்னை மூட்டை கட்டி அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பலை. நான் வந்தது யாருக்கும் தெரியாது."

அதைச் சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக்கூடாதோ என்று அவளுக்குப் பட்டது. ஆனால் நெஸ்டோர் அவள் முட்டியைத்தான் பார்த்தார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினார்.

"ரத்தம் வருது. கட்டிக்க. கட்டிட்டு வந்த வழியே போ."

"மேல ஏற முடியாதே."

"அப்போ பன்னிரண்டு வரைக்கும் சும்மா உக்காரு."

கதவுக்கு வெளியிலிருந்து குரல் கேட்டது. "இருபத்தஞ்சு நிமிஷம்!"

நஸீரே முட்டியைக் கட்டிக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஓர் இரும்புக் கட்டில், ஒரு பெட்டி, ஒரு குட்டி அடுப்பு. பெரிய கூடத்தின் கூரையில் அங்கங்கே தார் பூசிய ஒட்டுகள். ஒரு மூலையில் வாளி வைத்திருந்தது. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"ஏன் திறக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள்.

"திறந்துட்டு எங்க போறது?" அவர் கட்டிலைக் காட்டினார். "இதான் என் வீடு. அவங்க வந்தா நான் தெருவுல. பீப்பாய் வந்தா, பீப்பாய்க்கு ஒரு காவல்காரன் வேணும். நான் இருந்துக்குவேன்."

"ஊர்ல வீடு இல்லையா?"

"மலை சரிஞ்சு மூடிடுச்சு. நான் போர்ல இருந்தப்போ." கட்டிலில் போய் உட்கார்ந்தார். "வீட்டுல இருந்தவங்களோட சேர்த்து."

நஸீரே கூரையை அண்ணாந்து பார்த்தாள். வாளியில் இரண்டு சொட்டு விழுந்தது.

"இந்தக் கூரையை யாரு ஒட்டினது?"

"வேற யாரு? நான்தான். இந்த ஊர் மழைக்கு ஒட்டாம விட்டிருந்தா ரெண்டே வருஷத்துல உள்ள விழுந்திருக்கும்."

"ஒத்தக் கையாலயா?"

"தாரைப் பூச ஒரு கை போதும். ஏணியைப் பிடிக்கத்தான் ஆள் வேணும். ஆள் இல்லை."

"இதையெல்லாம் வெளிய இருக்கிறவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேட்டாங்களா?"

நஸீரே யோசித்தாள். இருபது பேரும் அவள் வீட்டில் நாலு தடவை கூடிப் பேசியிருந்தார்கள். யார் பெருக்குவது, யார் விரிப்பு தருவது, யார் முன்னின்று தொழவைப்பது என்றெல்லாம் பேசினார்கள். மேஜைக்கடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவள் கேட்டிருந்தாள். உள்ளே இருக்கும் மனிதர் எங்கே போவார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளும்தான் கேட்கவில்லை.

"மாமா, நீங்க சாவியை எங்ககிட்ட குடுங்க. நாங்க அதை உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடறோம்."

நெஸ்டோர் அவளை உற்றுப் பார்த்தார். "இது என்ன விளையாட்டு?"

"பள்ளிவாசலுக்கும் காவல் வேணும்ல? கூரை ஒழுகும்ல? காகிதத்துல சாவி எங்க கைக்கு வரணும்னுதான் இருக்கு. அப்புறம் யாருகிட்ட இருக்கணும்னு இல்லை."

"நீ சொன்னா ஆச்சா? நீ மூணாம் வகுப்பு."

"அப்போ கேட்டுச் சொல்றேன்."

அவள் கதவோரம் ஓடி, பலகைகளின் இடுக்கில் வாயை வைத்தாள். "அம்மா!"

வெளியே ஒரே கூச்சல். "நஸீரே! ஐயோ, உள்ள என்னடி பண்ற? உன்னை ஏதாவது பண்ணினானா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. முட்டிக்குத் துணி குடுத்தாரு. எல்லாரும் கேளுங்க!"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். கட்டில், மலைச்சரிவு, கூரை எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே முணுமுணுப்பு எழுந்தது. "பாவம்தான்" என்றது ஒரு குரல். "அந்த அறை நமக்கு எதுக்கு?" என்றது இன்னொன்று.

"முடியாது!" அது துர்சுன் மாமா. "பன்னிரண்டு என்ன, ஒரு மணி ஆனாலும் முடியாது. எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உள்ள நிக்கணும்னு வந்தாரு. இவன் திறக்கலை. 'போய்யா கிழவா'ன்னு விரட்டினான். இவன் கையிலயா சாவி?"

"பதினோரு நிமிஷம்" என்றார் தோழர் லாரிசா. அவர் குரல்கூடத் தாழ்ந்திருந்தது.

நஸீரே திரும்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் நெஸ்டோரின் முகம் வெளுத்திருந்தது.

"நிஜமா விரட்டினீங்களா?"

"விரட்டினேன்."

"நான் அவர்கிட்ட என்ன சொல்ல?"

நெஸ்டோர் கதவையே பார்த்தார்.

"இதை நான் சொல்ல முடியாது மாமா. நீங்கதான் சொல்லணும்."

வெளியே லாரியின் எஞ்சின் உறுமத் தொடங்கியது. நெஸ்டோர் மெல்ல எழுந்து வந்து, கதவில் கையை வைத்தார்.

"துர்சுன்." குரல் கரகரத்தது. "உங்கப்பா கறுப்புக் குல்லா போட்டிருந்தாரு. கதவுல நெத்தியை வச்சு நின்னாரு. நான் உள்ள இதே இடத்துல நின்னேன். நடுவுல இந்தப் பலகை மட்டும்தான். திறக்கணும்னு கை தாழ்ப்பாள் வரைக்கும் போச்சு. யாரையாவது உள்ள விட்டா ஜெயில்னு உத்தரவு. பயந்துட்டேன். பயந்தது தெரியக்கூடாதுன்னுதான் கத்தினேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடு."

நஸீரே இடுக்கு வழியாகப் பார்த்தாள். துர்சுன் மாமாவின் ஈரக் கோட்டு மட்டும்தான் தெரிந்தது. அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நாலு நிமிஷம்."

"நெத்தியை எங்க வச்சாரு?" என்று கேட்டார் துர்சுன் மாமா.

"இரும்பு வளையத்துக்கு மேல."

அந்தக் கோட்டு கதவை நெருங்கி வந்து இடுக்கை மறைத்தது. நஸீரேக்கு எதுவும் தெரியாமல் போனது. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அவர் குரல் கேட்டது.

"அந்த அறையை நீயே வச்சுக்க. சாவியையும் வச்சுக்க. இப்போ திற."

நெஸ்டோர் கதவின் குறுக்கே போட்டிருந்த கட்டையைத் தோளால் முட்டித் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. மழையில் ஊறி, கொக்கியில் இறுகிவிட்டது.

"எழும்ப மாட்டேங்குது!"

"சீக்கிரம்டா!"

"ஒரு கைதான்யா இருக்கு!"

நஸீரே கட்டைக்கு அடியில் புகுந்தாள். குந்தி உட்கார்ந்து, முதுகைக் கொடுத்து எழும்பினாள். காயம்பட்ட முட்டி விண்ணென்று வலித்தது. "ஒண்ணு, ரெண்டு..." மூன்று என்பதற்குள் துறைமுகச் சங்கு ஊதத் தொடங்கிவிட்டது.

"மூணு!"

கட்டை கொக்கியை விட்டுக் கிளம்பித் தரையில் உருண்டது. கதவு திறந்தது. சங்குச் சத்தமும் மழையும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. நெஸ்டோர் சாவியை நீட்டினார். துர்சுன் மாமா வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் தோழர் லாரிசாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, தலையைச் சாய்த்து நின்றார்.

"சங்கு ஊதி முடியிற வரைக்கும் பன்னிரண்டுதான்" என்றார். "இன்னும் ஊதுது."

அம்மா நஸீரேயை இழுத்து அணைத்துக்கொண்டாள். உடனே காதையும் திருகினாள். "கால் நனையுதா உனக்கு?"

தோழர் லாரிசா காகிதத்தை விரித்தார். "சாவி வைத்திருப்பவர் பெயர்?"

"நெஸ்டோர்" என்றார் துர்சுன் மாமா.

"இவர் உங்க மதமே இல்லையே?"

"காகிதத்துல மதம் கேட்டிருக்கா?" என்றாள் நஸீரே.

அவர் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "கேட்கலை" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். தார் லாரி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது.

அந்த வாரம் முழுக்கச் சோளத் தூசியைக் கூட்டித் தள்ளினார்கள். துர்சுன் மாமா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நெஸ்டோர் மேலே ஏறித் தார் பூசினார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "கொஞ்சம் இடப்பக்கம்", "பிடிச்சிருக்கேன்", அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமையும் மழைதான். வாசலில் கழற்றிப் போடும் செருப்புகள் நனையாமல் அடுக்கிவைக்க நஸீரே நெஸ்டோருக்கு உதவினாள். முதலில் துர்சுன் மாமாவின் பூட்ஸ் வந்தது. அப்புறம் தேயிலைத் தோட்டத்துச் சேறு பிடித்த ஒரு ஜோடி, கப்பல்காரரின் ஒரு ஜோடி. பிறகு கையெழுத்துப் போடப் பயந்து வீட்டுக்குள் இருந்துவிட்டவர்கள், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக வந்தார்கள். செருப்புப் பலகை நிரம்பியது. படிகள் நிரம்பின. நெஸ்டோர் தன் அறைக் கதவைத் திறந்து, கட்டிலுக்கு அடியிலும் அடுக்க ஆரம்பித்தார்.

"ஏ நஸீரே, இருபது பேருன்னுதானே சொன்னீங்க?"

நஸீரே நூற்று நாற்பது ஜோடி வரை எண்ணியிருந்தாள். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள்.