பீர்க்கன்கரணை எஞ்சின்

எஞ்சின் சூடாக இருந்தது.

எட்மண்ட் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். கொதிக்கிற சூடு இல்லை. லாரியை ஓட்டிவந்து நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்தும் இரும்பில் மிச்சமிருக்குமே, அந்தச் சூடு. வெளியே மூன்று நாளாக விடாத ஐப்பசி மழை. பீர்க்கன்கரணை ஏரி தளும்பி, கொட்டகையின் பின்பக்கத் தகரம்வரை வந்து சளக் சளக்கென்று மோதிக்கொண்டிருந்தது. தரை சில்லிட்டிருந்தது, தகரம் சில்லிட்டிருந்தது, எஞ்சினைத் தாங்கிய மரக்கட்டைகள்கூட ஊறிப்போய்ச் சில்லிட்டிருந்தன.

"யம்மா, இத கடைசியா எப்ப ஓட்டுனீங்க?"

எஞ்சினை விற்கும் செல்வம்மாள் உள்ளே வரவில்லை. கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையிலேயே நின்றாள்.

"எம்பத்தி ரெண்டுல எறக்கி வெச்சது தம்பி. பத்து வருசமா இங்கியேதான் கீது."

பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

குரோம்பேட்டையில் அவன் வீட்டு வாசலில் ஒரு பழைய ஃபார்கோ லாரி ஆறு வருடமாக எஞ்சின் இல்லாமல் நின்றது. துருவைச் சுரண்டி, கேபினுக்குப் புது மரம் போட்டு, பச்சை பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது. பழைய எஞ்சின் தேடிப் புதுப்பேட்டையில் அவன் ஏறி இறங்காத கடை இல்லை. "கோழி வளக்கலாம் அதுல" என்று அவன் மனைவி அருள்மேரி இப்போதெல்லாம் சிரிக்காமலேயே சொன்னாள். அதே மாடல் எஞ்சின், ஆறு சிலிண்டர், விரிசல் விடாத பிளாக், இதோ கண்ணெதிரே. விட்டுப்போக மனம் வரவில்லை. நம்பவும் மனம் வரவில்லை.

குனிந்து அடியில் பார்த்தான். அடுப்பு இல்லை, சாம்பல் இல்லை. கார்புரேட்டர் இல்லை, பேட்டரி இல்லை. ஓடியிருக்க வழியே இல்லை. எஞ்சின் நம்பர் இருக்கவேண்டிய இடத்தை மட்டும் யாரோ அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கியிருந்தார்கள்.

திருட்டு எஞ்சின். அப்படியானால் ஆட்களும் பக்கத்தில் எங்கேயோ இருப்பார்கள்.

"ஒண்டியாவா வந்தே தம்பி?"

"ஃபிரெண்டு ஸ்டேஷன்ல நிக்கிறான். இப்ப வந்துடுவான்." வாயில் வந்த பொய்யைச் சொன்னான்.

"இங்க வர்றேன்னு வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

அவன் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தான். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டிச் சுற்றினான். பத்து வருடத் துரு சத்தம் போடும் என்று எதிர்பார்த்தான். நேற்றுதான் எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நாற்றம் எழுந்தது. ஆயில் நாற்றம் இல்லை. வெகுநாள் காய்ச்சலில் கிடப்பவர் வாயைத் திறந்தால் வருமே, அது.

கையை எடுத்தான். ஹேண்டில் கொஞ்சம் பின்னால் வந்தது. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று தள்ளினால் அப்படி வரும்தான்.

பிறகு அது முன்னால் போனது.

மறுபடி பின்னால். மறுபடி முன்னால். நிதானமாக. தூங்குகிறவரின் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல.

ஸ்பேனரோடு சுற்றிப் பின்பக்கம் ஓடினான். கயிறு இல்லை, கம்பி இல்லை, ஆள் இல்லை. தகர இடுக்கில் கசியும் ஏரித் தண்ணீர் மட்டும்.

"மொத பிளக்க கழட்டி வெரல வெச்சிப் பாரு," என்றாள் வெளியிலிருந்து. "வந்தவங்கல்லாம் அப்டிதான் பாத்தாங்க."

"யாரு வந்தாங்க? அவங்கல்லாம் ஏன் வாங்கல?"

செல்வம்மாள் தகரக் கதவோரம் நகர்ந்தாள்.

என்ன தந்திரம் என்று கண்டுபிடிக்காமல் போவதில்லை என்ற வீம்பு வந்துவிட்டது அவனுக்கு. உள்ளே என்ன நடந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில் ஸ்பேனரை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. கையாலேயே கழன்றது. ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. ஆட்காட்டி விரலை ஓட்டையின் மேல் அழுத்தினான்.

காற்று விரலை உள்ளே இழுத்தது.

ஹேண்டில் நின்றது. இழுப்பு நிற்கவில்லை.

விரலை உருவினான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். வரவில்லை. விரல்நுனி ஈரமானது.

பிறகு உள்ளேயிருந்து ஏதோ தொட்டது.

இன்னொரு விரல்நுனி. அதில் நகம் இருந்தது. அது அவன் நகத்தைச் சுற்றி மெதுவாகத் தடவியது. இது யார் விரல் என்று தெரிந்துகொள்வதுபோல.

"யம்மா! யம்மா!"

"கொஞ்ச நேரந்தான் தம்பி." தகரக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே புள்ளி புள்ளியாய் வெளிச்சம் எஞ்சின் மேல் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் எட்மண்ட் பார்த்தான். மிச்சமிருந்த ஐந்து பிளக்குகளும், ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளேயிருந்து யாரோ திருகுவதுபோல, மெல்லச் சுற்றிக்கொண்டு கழன்றன.