இந்தப் பெஞ்சும் அந்தப் பெஞ்சும்

பாறசாலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் பாடம் ஆங்கிலம் மட்டும்தான். தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்த காலம் அது. பெரியவர்களின் முறைப்பு வகுப்புக்குள்ளும் வந்துவிட்டது. தமிழ்ப் பெஞ்சு இந்தப் பக்கம், மலையாளப் பெஞ்சு அந்தப் பக்கம்.

சத்தியபாய்க்கு வேறொரு கோபமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அசன விருந்து. மலையாளப் பெஞ்சில் இருக்கும் தோழி ஷியாமளாவையும் கூப்பிட்டிருந்தாள். உதியன்குளங்கரை முக்கில் வெயிலில் காத்து நின்றாள். ஷியாமளா வரவேயில்லை.

'இவளும் கட்சி சேர்ந்துவிட்டாள்' என்று நினைத்து, அன்றுமுதல் சத்தியபாய் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் ஆங்கில வகுப்பில் பொன்னுதாஸ் சார் காம்பவுண்டு சென்டன்ஸ் நடத்தினார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"ரெண்டு முழு வாக்கியம் வேணும். ரெண்டும் தனியா நிக்கணும். நடுவில ஒரு 'அண்டு' இல்லேன்னா 'பட்டு' போட்டா சேர்ந்துரும். இவ்வளவுதான் விசயம். இந்தப் பெஞ்சு ஒண்ணு சொல்லணும். எதிர்ல இருக்க ஆளு அதுக்கூட ஒண்ணு சேக்கணும்."

"திஸ் இஸ் எ கௌ," என்றான் ஈசாக்.

"அண்ட் தட் இஸ் எ டாங்கி," என்றான் எதிரே இருந்த கருணாகரன், ஈசாக்கையே கழுதை என்று கைகாட்டி.

வகுப்பு சிரித்தது. "சண்டை போட்டாலும் இலக்கணம் சரியாக்கும்," என்றார் சார்.

அடுத்தது சத்தியபாய். எதிரே ஷியாமளா. பசு, பூனை என்று எதையாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் மனதில் கிடப்பதைக் கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஐ வெயிட்டட் ஃபார் மை ஃப்ரெண்ட்," என்றாள். நான் என் தோழிக்காகக் காத்து நின்றேன்.

ஷியாமளா எழுந்தாள்.

"பட்... மை பிரதர் லாக்ட் தி டோர்." என் அண்ணன் கதவைப் பூட்டிவிட்டான். பிறகு அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டாள். "ஊர்வலத்தில அடி நடக்கும்னு சோமன் சேட்டன் பேடிச்சுப் பூட்டினான். ஞான் ஜன்னல்கிட்ட நின்னு கரஞ்சேன்."

அழுதாளாம். தன்னை நினைத்து அழுதாளாம். சத்தியபாயின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காம்பவுண்டு சென்டன்ஸ்னா இதாக்கும். ரெண்டு பேரும் இருங்க மக்கா."

சத்தியபாய் உட்காரவில்லை. "நாளைக்கு எனக்ககூட நடந்து வாறியா?" என்று ஷியாமளாவிடம் கேட்டாள்.

"இங்கிலீஷ்ல பேசணும்," என்றார் சார்.

"எஸ்," என்றாள் ஷியாமளா.

அது காம்பவுண்டு சென்டன்ஸ் இல்லை, ஒற்றைச் சொல்தான். சத்தியபாய்க்கு அது தாராளமாகப் போதும்.