நாற்பத்திரண்டாவது கோப்பு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு முதல் அழைப்பு வந்தது. கண் அறுவை முடிந்து முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்த ஒரு லாரி ஓட்டுநர்.

"அம்மா, மருந்துப் பையில ஒட்டியிருக்கிற க்யூஆர் சீட்டை என் மருமக போன்ல காட்டுனா. 'பக்கம் கிடைக்கவில்லை'ன்னு வருது. எந்தச் சொட்டை முதல்ல விடணும்? வெள்ளை மூடியா, மஞ்சள் மூடியா?"

மருத்துவமனையில் போனை எடுத்த அவள், கண் பிரிவில் கேட்டுச் சொன்னாள். போனை வைக்கும்முன் அடுத்தது அடித்தது. ஒன்பது இருபதுக்குள் பதினொரு பேர்.

அந்த மருத்துவமனையின் இணையதளத்தைப் பதினொரு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். உடைந்த இணைப்புகள் உண்டா என்று தளத்தைச் சோதித்தாள். 'பூஜ்ஜியம்' என்றது. கோப்புக் கிடங்கைத் திறந்தாள். நோயாளிகளுக்கான அறிவுரைத் தாள்களில் நாற்பத்தொன்று இல்லை. 'பயன்படாத கோப்புகள்' என்ற பட்டியலில் ஒரே ஒரு வரி தனியாக நின்றது: தோள்பட்டைப் பயிற்சி, பழைய தாள். அதைத் தாண்டி அழிப்புப் பதிவேட்டுக்குப் போனாள்.

நேரம்: திங்கள், காலை 11.40. அழித்தவர்: அவளுடைய கணக்கு.

திங்கட்கிழமை அவள் விடுப்பு. தங்கை வீடு மாற்றினாள். பெட்டி தூக்கிய வலி இன்னும் தோளில் இருந்தது.

வெள்ளிதோறும் அவள் எடுத்துவைக்கும் பிரதியிலிருந்து, பத்து மணிக்குள் நாற்பத்தொன்றும் திரும்பி வந்துவிட்டன. பழி மட்டும் அப்படியே இருந்தது.

"வீட்டிலிருந்தே தளத்துல வேலை செய்யற பழக்கம் உங்களுக்கு உண்டு," என்றார் இயக்குநர். எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டரம்மா.

"உண்டு, டாக்டர்."

"அப்ப லீவுங்கிறது சாட்சி ஆகாது."

"ஆகாதுங்க."

"கண்ணுல தப்பான மருந்தை விட்டிருந்தா? நாலு மணிக்குக் கூடுறோம். அதுக்குள்ள வேற பதில் வரலைன்னா, தளத்தை உங்க கையிலிருந்து எடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை."

நடைவழியில் அவள் ஒரு நிமிடம் நின்றாள். களைப்பில், தன்னையறியாமல், தானே செய்திருப்போமோ? அந்தச் சந்தேகம் எவ்வளவு சுலபமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது என்பதுதான் அவளைச் சுட்டது. அவளுடைய வேலை நன்றாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. திறக்கும் பக்கத்தை யாரும் பாராட்டுவதில்லை. அதனால் அந்தப் பெருமையை அவளே தனியாகச் சுமந்து வந்திருந்தாள். இப்போது அதைத் தானே காப்பாற்றவும் வேண்டும்.

விடுப்பு நாட்களில் அவளுடைய கடவுச்சொல் ஓர் உறையில், இயக்குநரின் செயலாளரிடம் இருக்கும். பார்வையாளர் நேரத்தை மாற்றுவதற்காகத் திங்களன்று உறையைப் பிரித்திருந்தார்கள்.

சர்வர் அறைக்காரர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேரத்தை மாத்தினது நான்தான். பதினொண்ணுக்கு முடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அழிக்கணும்னா உங்க கணக்குல நான் ஏன் வரணும்? மொத்தக் கிடங்குக்கும் சாவி என்கிட்டயே இருக்கே. சொந்த வீட்டுக்கு யாராவது சுவரேறிக் குதிப்பாங்களா?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "கவரு என் மேசை மேலதான் கெடந்துச்சு அக்கா. பன்னெண்டுக்குத்தான் எடுத்து உள்ள வச்சேன். தப்புதான்."

"யாரெல்லாம் வந்தாங்க?"

"சர்வர்காரர். நேரத்தை மாத்தச் சொன்ன விளம்பர மேலாளர். வேற யாரும் இல்ல. அது சரி, அழிஞ்சதெல்லாம் 'பயன்படாத கோப்பு'ன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னக்கா?"

விளம்பர மேலாளர் தன் அறையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். வலது கை விரல்கள் சுவரில் ஒவ்வொன்றாய் மேலேறின. நெற்றி உயரத்தில் நின்றன. முகம் சுளித்தது.

"என்ன சார், சுவர்ல?"

"பல்லி பிடிக்கிறேன். வாங்க ஒட்டடைக்கம்பு!" அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். "குப்பையைக் கூட்டும்போது தோடும் சேர்ந்து போறது சகஜம். ஒத்துக்கிட்டா முடிஞ்சுது."

"நேத்து பதினொண்ணு நாப்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"இங்கதான். போலீஸ் வேலை எப்ப கிடைச்சுது?"

போன மாதக் கூட்டத்தில் இவர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது: 'ஒரு கிளிக்ல முடியற வேலைக்கு ஒரு ஆளா?' ஆனால் அது கோபம். சாட்சி அல்ல.

பன்னிரண்டரைக்குத் தங்கை கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"சிரிக்காதேடி. என் வேலை போகப்போகுது."

"பின்ன என்னக்கா? மூடி இல்லாத ஒரு டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்னதுக்கே, 'மூடி எங்கயாவது இருக்கும், கேட்டுட்டுப் போடலாம்'னு என் உயிரை வாங்கினவ நீ. நீ கேக்காம நாப்பத்தொரு கோப்பை அழிச்சியாமா? நம்பறவனைச் சொல்லணும்."

அவள் தன் பச்சை நோட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். காலையில் பட்டியலில் தனியாக நின்ற அந்தத் தோள்பட்டை வரி நினைவுக்கு வந்தது.

"ஏய், அப்புறம் பேசறேன்," என்றாள். "உனக்கு ஒரு மூடி வாங்கித் தரேன்."

ஒரு மணிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திரும்பினாள்.

மாலை நான்கு. இயக்குநரின் அறையில் சர்வர் அறைக்காரர், செயலாளர், விளம்பர மேலாளர் மூவரும் இருந்தார்கள். அவள் நோட்டை மேசையில் விரித்தாள்.

"நம்ம தளத்துக்குத் தன் பக்கங்களுக்குள்ள இருக்கற இணைப்புதான் தெரியும் டாக்டர். மருந்துப் பையில, வார்டு கதவுல ஒட்டின சீட்டு தெரியாது. தளத்துல இணைப்பு இல்லாத கோப்பு எல்லாமே அதுக்குப் 'பயன்படாத'துதான். அப்படி நாப்பத்திரண்டு கோப்பு இருந்துச்சு. அதனாலதான் நான் மாசத்துக்கு ஒரு நாள் கட்டடம் பூரா நடப்பேன். எந்தச் சீட்டு எங்க இருக்குன்னு இதுல எழுதியிருக்கேன்."

இயக்குநர் பக்கங்களைப் புரட்டினார். "இதுல நாப்பத்தொண்ணுதான் இருக்கு."

"ஆமா. நாப்பத்திரண்டாவது, தோள்பட்டைப் பயிற்சியோட பழைய தாள். புதுசு வந்து நாலு வருஷமாச்சு. பழசுக்கு எங்கயும் சீட்டு இல்லைன்னு நினைச்சு, 'அடுத்த மாசம் நீக்கணும்'னு கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். நான் அழிச்சிருந்தா அது ஒண்ணுதான் போயிருக்கும், மத்த நாப்பத்தொண்ணும் இருந்திருக்கும். நடந்தது நேர் தலைகீழ்."

இயக்குநர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அந்த வரியைப் படித்தார்.

"எல்லாத்தையும் தேர்ந்தெடுக்க ஒரு டிக் போதும். ஆனா ஒண்ணை மட்டும் விட்டுவைக்க, பேரைப் படிச்சு, கையால அந்த டிக்கை எடுக்கணும். அந்தத் தாள் வேணும்னு தெரிஞ்ச ஒரு ஆள் எடுத்திருக்கார்." அவள் திரும்பினாள். "உங்க அலமாரிக் கதவோட உள்பக்கத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா சார்?"

விளம்பர மேலாளர் எழவில்லை. எழுந்தது பெரிய டாக்டரம்மா. நான்கு பேரும் பின்னால் போக, அவரே அந்த அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம், கண் உயரத்தில், மூலைகள் சுருண்ட பழைய சீட்டு ஒன்று. போனைக் காட்டினார். பக்கம் திறந்தது. சுவரில் விரல்களால் மேலே ஏறும் ஓர் ஆளின் படம்.

"பல்லி பிடிக்கிறார் போல," என்றார் சர்வர் அறைக்காரர்.

"சீட்டை அங்க ஒட்டிக்கொடுத்தது பயிற்சிப் பிரிவுப் பொண்ணு," என்றாள் அவள். "மதியம் கேட்டேன்."

மேலாளரின் வலது கை தானாகத் தோளுக்குப் போனது, பிறகு கீழே இறங்கியது. "அழிக்கிற உரிமை என் கணக்குக்கு இல்லை, இவங்க கணக்குக்குத்தான் இருந்துச்சு. தளத்தைச் சுத்தம் பண்றது ஒரு கிளிக் வேலைன்னு நிரூபிச்சிட்டு நேத்து சாயங்காலமே சொல்லலாம்னு இருந்தேன். நீங்க ஊர்ல இல்லை டாக்டர். காலையில போன் மேல போன். அப்புறம்… வாய் வரலை."

"அழிச்சதைக்கூட மறந்துடுவேன் சார்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "உங்க தோளுக்காக ஒரு டிக்கை எடுத்தீங்க இல்ல? தளம் பயன்படாததுன்னு சொன்ன ஒண்ணு உங்களுக்கு வேண்டியதா இருந்துச்சு. மத்த நாப்பத்தொண்ணும் யாருக்காவது வேணுமோன்னு அந்த நிமிஷம் தோணலையே."

அவர் அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினார்.

"நீங்க என்கூட வாங்க," என்று இயக்குநர் அவரிடம் சொன்னார். பிறகு அவளிடம்: "அந்த நோட்டுக்கு ஒரு பிரதி எடுத்து என் மேசையில வைங்க. இந்தத் தளம் உங்க கையில இருக்கிறவரைக்கும் நான் நிம்மதியா இருக்கலாம்னு கமிட்டிக்கு எழுதறேன்."

பதினொரு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் தலையசைத்தாள். கண் கலங்கும்முன் நோட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு லாரி ஓட்டுநரை அவளே கூப்பிட்டாள்.

"இப்ப திறக்குதுங்களா?"

"திறக்குதும்மா. வெள்ளை மூடி முதல்ல, அஞ்சு நிமிஷம் கழிச்சு மஞ்சள். மருமக சத்தமா படிச்சா. யார் எழுதினதோ, குழந்தைக்கும் புரியும்."

"நான்தான் எழுதினேன்," என்றாள் அவள்.

கிளம்பும்முன் பச்சை நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் 'அடுத்த மாசம் நீக்கணும்' என்பதை அடித்தாள். அவளுடைய மாதாந்தர நடையிலும் தப்பிய சீட்டு ஒன்று இருந்திருக்கிறது, இனி இருக்காது. பட்டியலின் கீழே நிதானமான கையெழுத்தில் சேர்த்தாள்:

42. தோள்பட்டைப் பயிற்சி, பழைய தாள். விளம்பர மேலாளர் அறை, அலமாரிக் கதவின் உள்பக்கம். பயன்பாட்டில் உள்ளது.