மூச்சு குடிக்கும் கார்

செவ்வூரில் காலையில் எழுந்ததும் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. திறந்தால் அதுவே கடைசிக் காலையாகிவிடும். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறி மூன்று தலைமுறை ஆன கொங்குநாட்டுக் குடும்பங்கள், கண் விழித்ததும் சமையலறைச் சுவரிலுள்ள மூச்சுமானியைத்தான் பார்க்கும். காற்று வாரியம் கொடுத்த பங்கில் எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம் என்று அது பச்சை எழுத்தில் சொல்லும். மிச்சமிருந்தால் வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடலாம். குவிமாடத்துக்குள் வீடுகளில் மட்டுமே மூச்சுக்காற்று உண்டு; வெளிவீதியில் போகிறவர்கள் மூக்கில் மாட்டும் காற்றுப் புட்டியோடு விருந்தாளியை உள்ளே உட்காரவைப்பது, சாப்பாடு கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வாருங்கள் என்று அழைப்பதற்குச் சமம். அப்படிப்பட்ட அவமானத்தை எந்தக் குடும்பமும் ஏற்காது. சொந்தக்காரர்களைத் தவிர்க்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது என்று நினைத்தவர்களும் உண்டு.

பொற்செழியன் வீட்டு மூச்சுமானியில் எப்போதும் மிச்சம் இருந்தது. ஆனாலும் பல வருடங்களாக அந்த வீட்டில் ஒரு விருந்தாளி மூச்சு விட்டதில்லை. மிச்சத்தையெல்லாம் கொட்டகையில் நின்ற கார் பேரில் சேமித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காருக்கு ஒரு கதை உண்டு. முதல் சரக்கு விண்கப்பலைச் சோதித்து இறக்கியபோது, வெறும் கல்லை ஏற்றுவானேன் என்று யாரோ ஒரு பழைய பெட்ரோல் காரை எடைக்காக வைத்து அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பதிவுத் தகட்டோடு அது செம்புழுதியில் புதைந்து கிடந்தது. செழியன் இழுத்துவந்தான். உடைந்த பாகங்களை முப்பரிமாண அச்சியந்திரத்தில் வார்த்தான். பாசியிலிருந்து பெட்ரோல் வடித்தான். பெயின்ட், சீட்டு, டயர், ஹாரன் எல்லாம் ஆயிற்று. ஓட்டுவதுதான் பாக்கி.

அங்கேதான் வந்தது வினை. பெட்ரோல் எஞ்சின் மனிதனைப் போலவே ஆக்சிஜன் குடிக்கும். மனிதனைப் போல அளவாகக் குடிக்காது. அது கக்கும் புகையைக் கழுவித் தள்ளவும் தனியாகக் காற்று வேண்டும். “வட்டச்சாலையில ஒரே ஒரு சுத்து. அதுக்கான மூச்சைச் சேர்த்துட்டு வாங்க, அனுமதி தர்றேன்” என்று காற்று வாரிய ஆய்வாளர் ரெஜினா சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து செழியனும் அவன் மனைவி மரகதமும் விலாவுக்கடியில் மூச்சடக்கி பொருத்திக்கொண்டார்கள். தூக்கத்தில் சுவாசத்தை மட்டுப்படுத்தும் சின்ன வில்லை அது. பகலிலும் செழியன் சிக்கனம்தான். மரகதம் வாய்விட்டுச் சிரித்தால் அவன் பார்வை மூச்சுமானிக்குப் போகும். அதனாலேயே அவள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு சுற்றுக்கான மூச்சு கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்ட நேரத்தில், வடக்குக் குவிமாடத்திலிருந்து தங்கை சுடர்க்கொடி அழைத்தாள்.

“அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்தோணும். தாய்மாமன் மடிதான், உங்க வீட்டுலதான். அவங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே வர்றாங்க.”

செழியன் மூச்சுமானியைப் பார்த்துக் கணக்குப் போட்டான். இவ்வளவு பேர் வந்து ஒரு பகல் முழுக்கப் பேசிச் சிரித்து மூச்சு விட்டால், சேமிப்பு மொத்தமும் போய்விடும். மறுபடி முதலிலிருந்துதான்.

“அவங்க அங்கியே வெச்சுக்கட்டும் மரகதம். நான் ஒளியுருவுல போய் உட்கார்ந்துக்கறேன். அச்சு அசலா நானே இருக்கற மாதிரிதான் தெரியும்” என்றான்.

“செரிங்க, இப்பவே ஒருக்கா பாத்துருவமா?” என்றாள் மரகதம். அவன் கொட்டகையில் ஒளியுருக் கருவியின் முன் சம்மணமிட்டான். கூடத்தில் அவன் ஒளியுரு பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. மரகதம் தோட்டத் தொட்டியிலிருந்து ஒரு சுரைக்காயைப் பறித்துவந்து, “இந்தாங்க, உங்க மருமக” என்று அதன் மடியில் வைத்தாள்.

தொப்பென்ற சத்தம் கொட்டகை வரை கேட்டது.

செழியன் வந்து பார்த்தான். தன் மடியே தன் கண்ணெதிரே ஒளிர்ந்துகொண்டிருக்க, அதற்கு நடுவில் சுரைக்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மரகதம் துண்டுகளைப் பொறுக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். அன்று சாயங்காலம் சுரைக்காய்ப் பொரியல்.

சாப்பிட்டு எழுந்த செழியன் நேரே காருக்குப் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எத்தனை வருட உழைப்பு! துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில், கனமான மூட்டையை இறக்கிவைத்தது போல ஒரு சுகமும் இருந்தது. டாங்கியிலிருந்த பெட்ரோலை வடித்தான். விலாவை அழுத்தி மூச்சடக்கியை நிறுத்தினான். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தான். அது அப்படி இனிக்கும் என்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

“சுடரை வரச்சொல்லு. யாரையும் விட்டுறாம கூட்டியாரச் சொல்லு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். “வண்டி நின்ன இடத்துலயே நிக்கட்டும்.”

“அப்பவே சொல்லிட்டனுங்க” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

காதுகுத்து அமர்க்களப்பட்டது. தாய்மாமன் மடியில் பாப்பா வீறிட்டு அழுது, காற்றுப் பங்கில் பெரும்பகுதியைத் தானே காலி செய்தாள். மரகதம் யாரோ சொன்ன எதற்கோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். செழியன் மூச்சுமானியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பந்தி முடிந்ததும் கூட்டம் கொட்டகைக்கு நகர்ந்தது. நான்கு பேர் உட்காரும் காரில் ஒன்பது பேர் ஏறினார்கள். சுடர்க்கொடியின் மாமனார் ஓட்டுநர் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். ஹாரனை அழுத்தினார். பேட்டரியில் இயங்குவதால் அது குவிமாடமே அதிரும்படி அலறியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி அழுத்தினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எதிரேயிருந்த வெறும் சுவரைப் பார்த்து, “யோவ், வண்டியை எடய்யா! ஊட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்தினார். எந்த மூதாதையரிடமிருந்து வந்த ஞானமோ, யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. பின்சீட்டில் ஒரு மாமி, “இப்படியே போனா எப்பப் போய்ச் சேர்றது?” என்று அலுத்துக்கொண்டாள். எல்லோரும் வியர்த்து, இடித்துக்கொண்டு, ஆளாளுக்கு ஒரு வழி சொல்லிக்கொண்டு, பரம ஆனந்தமாக இருந்தார்கள்.

செழியன் சொல்லியனுப்பியதால் அனுமதி மனுவை முறைப்படி ரத்து செய்ய வந்த ரெஜினா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மன்னிக்கோணுங்க மேடம். வண்டியை ஓட வெக்க முடியல. பாதியில கைவிட்டுட்டேன்” என்றான் செழியன்.

“பாதியா? வேலை முழுசா முடிஞ்சிருச்சே!” என்றாள் ரெஜினா. “எவ்வளவு காத்து பிடிக்கும்னு கணக்குப் போடறதுக்காக அந்தக் காலத்துப் பட்டணத்துப் படச்சுருள் அத்தனையும் பார்த்தேன். காலையில ஏறி உட்கார்றாங்க, ஹாரன் அடிக்கறாங்க, முன்னாடி நிக்கறவனைத் திட்டறாங்க. எந்தப் படத்துலயும் வண்டி நகர்ந்து நான் பார்க்கல. நீங்க ஓட்டியிருந்தா அதுதான் தப்பான புனரமைப்பு.” கொஞ்சம் தயங்கி, “எனக்கும் ஒரு ஓரமா இடம் கிடைக்குமா?” என்று கேட்டாள்.

சேதி பரவிவிட்டது. மறுநாள் காலை, காற்றுப் புட்டியும் கையுமாக ஊரே செழியன் வீட்டு முன் வரிசைகட்டியது. வரிசையின் வால் வட்டச்சாலையையும் தாண்டியது. உள்ளே ஏறியவர்கள் இறங்க மறுத்தார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்கள், ஹாரன் இல்லாததால், வாயாலேயே “பாம் பாம்” என்றார்கள்.

மரகதத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த செழியனுக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் அவன் இவ்வளவு திருப்தியாகக் கோபப்பட்டதே இல்லை. கண்ணாடியை இறக்கினான். கோள் விட்டுக் கோள் பறந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, தலையை வெளியே நீட்டிக் கத்தினான்:

“அடிச்சுட்டே இருந்தா? நான் என்ன, பறந்தா போறது?”