இருபத்து நாலுக்கு இருபது

அந்தப் பக்கத்தில் பதினொன்றாவது வரி என்று ஒன்று இருக்கக் கூடாது.

வெர்னா ஹால்வர்சனுக்கு அது மனப்பாடமான பக்கம். போர்ட் ஹாலம் நகர அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டட ஆய்வாளராக இருக்கிறாள். தினமும் மூன்று மணிக்குக் காபியை மேசையில் வைத்துவிட்டு நகரத்தின் அனுமதித் தளத்தைத் திறப்பாள். எந்த வீட்டுக்கு எப்போது என்ன அனுமதி கொடுத்தார்கள், யார் போய்ப் பார்த்தார்கள், என்ன எழுதினார்கள் என்று ஊரில் யாரும் பார்க்கக்கூடிய தளம் அது. தேடும் கட்டத்தில் ஒரே முகவரியைத்தான் தட்டுவாள். ஆல்டர் தெரு, 4417. ஏழு வருடமாக அதன் கீழ் பத்து வரிகள். நிலவறையைக் குடியிருக்கும் அறையாக மாற்ற விண்ணப்பம் என்று முதல் வரி. பத்தாவது வரியில், இறுதி ஆய்வு, சரி, தீப்பிடித்தால் தப்பிக்கும் ஜன்னல் அளந்து பார்க்கப்பட்டது, இருபத்து நாலுக்கு இருபது அங்குலம், வெ.ஹா.

இன்று அதற்குக் கீழே இன்னொன்று.

மறுஆய்வு கோரப்பட்டுள்ளது. கோரியவர்: டெசா ப்ரூயெட்.

வெளியே வாஷிங்டன் மாநிலத்து பிப்ரவரி மழை, விழுவதாகவும் தெரியாமல் நிற்பதாகவும் தெரியாமல், ஜன்னல் கண்ணாடியில் புகை மாதிரி படிந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் யாரோ சூடாக்கிய மீன் சூப்பின் வாசனையும், நாற்காலிகளில் காயப்போட்ட கம்பளிக் கோட்டுகளின் ஈர வாசனையும். பக்கத்து மேசையில் பிரிண்டர் ஒரே தாளை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. வெர்னா கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். டெசா ப்ரூயெட் செத்து ஆறு வருடம்.

ஏழு வருடத்துக்கு முன், அந்த இறுதி ஆய்வு நாளன்றும் இதே மழைதான். வெர்னாவுக்கு அது அன்றைய ஐந்தாவது வீடு. பூட்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தது. வீட்டுக்காரர் ஆர்வில் பெக் போனில், "ஜன்னல் போட்டாச்சு வெர்னா, நீங்க கேட்ட அளவேதான். வேணும்னா வந்து பாருங்க" என்றார். வேணும்னா. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எஞ்சினை அணைக்காமல், காரின் சூடு முகத்தில் பட, போனில் எண்களைத் தட்டி, சரி என்று அழுத்திவிட்டுப் போய்விட்டாள். உண்மையில் அங்கே இருந்தது கூரையோரமாக, பூனைகூட யோசித்து நுழையக்கூடிய ஒரு கண்ணாடிப் பட்டை.

அடுத்த வருடம் டெசா அந்த நிலவறைக்கு வாடகைக்கு வந்தாள். வயது இருபத்து மூன்று. இரவெல்லாம் பேக்கரியில் ரொட்டி சுட்டுவிட்டுப் பகலில் தூங்குகிற பெண். ஒரு மதியம் மேலே சமையலறையில் பிடித்த தீ முதலில் கீழே இறங்கும் படியைத்தான் தின்றது. அந்தக் கண்ணாடிப் பட்டைக்கு நேர் கீழே, ஒரு ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

கோர்ட்டில் ஆர்வில் பெக் கத்தினார். "அந்தம்மா காரை விட்டு எறங்கவே இல்லைங்க. சூட்டுல உக்காந்துகிட்டே எழுதிட்டுப் போனாங்க." வெர்னா அமைதியாகச் சொன்னாள்: "நான் அளந்தேன். அப்புறம் அவர்தான் அடைச்சிருக்கணும்." பதிவில் அளவு இருந்தது. வாடகைக்கு ஆசைப்பட்ட ஆளை யார் நம்புவார்கள்? அவர் சிறைக்குப் போய் இரண்டாவது குளிர்காலத்தில் மார்வலியில் செத்துப்போனார். அதற்கப்புறம் உண்மை தெரிந்த ஆள் வெர்னா ஒருத்திதான்.

அவள் கணினிப் பிரிவு மைலோவைக் கூப்பிட்டாள். அவன் பாதி டோனட்டோடு வந்து குனிந்து பார்த்தான்.

"யாரோ இதுல ஒரு வரி சேர்த்திருக்காங்க, மைலோ."

"யாரோ இல்ல. உங்க லாகின். உங்க போன். ரெண்டு நாப்பதுக்கு."

"நான் போடலை."

"அப்ப போனைப் பின்பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு உக்காராதீங்க. அதுவே கையெழுத்துப் போட்டுரும் போல."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அது. போன் காலையிலிருந்து அவள் கைப்பையில், பூட்டிய அலமாரியில் இருந்தது.

"அழிச்சுடலாமா?"

"பொதுப்பதிவு, வெர்னா. ஏறிடுச்சுன்னா இறங்காது. வேணும்னா கீழ பதில் எழுதலாம்." டோனட்டின் சர்க்கரையை விரலிலிருந்து தட்டிவிட்டான். "யாரு இந்த டெசா?"

"யாரோ" என்றாள் வெர்னா.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே பக்கத்தைத் திறந்தாள். பன்னிரண்டாவது வரி வந்திருந்தது. ஆய்வாளர் வரவில்லை. அவ்வளவுதான். மூடினாள். கூட்டத்துக்குப் போனாள், ஒரு கடைக்காரரோடு கழிப்பறைக் கதவின் அகலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள், சாண்ட்விச்சைப் பிரித்து அப்படியே வைத்தாள். எதைத் தொட்டாலும் விரல்களில் பழைய அடுப்புக் கரியின் வாசனை லேசாக ஒட்டியிருப்பதுபோல இருந்தது. இரண்டு தடவை கை கழுவினாள்.

பதினொன்றரைக்கு மேசைத் தொலைபேசி அடித்தது.

"வெர்னாங்களா? நான் கோலின் ப்ரூயெட். டெசாவோட அம்மா. கோர்ட்டுல பார்த்தோமே."

"ஞாபகம் இருக்குங்க."

"நான் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். அவ பேரு அதுல எங்கயும் கிடையாது, இருந்தாலும் பார்ப்பேன். நேத்து வந்திருக்கு. எவனோ வெளையாடறான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். நான் அப்படி எடுத்துக்கலை. நீங்கதான் மறுபடி போய்ப் பார்க்கப் போறீங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

வெர்னா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அன்னைக்கு அத்தனை பேர் பேசினாங்க. உங்க பேச்சை மட்டும்தான் நான் புடிச்சுக்கிட்டேன். ஒருத்தராவது கீழ இறங்கி எம்பொண்ணு இருக்கப்போற ரூமை ஒழுங்காப் பார்த்திருக்காங்களேன்னு. அதை நெனச்சுட்டுத்தான் தூங்கறேன், தெரியுமா? நான் ஒரு தடவைகூட அங்க போகலை. ஊர் தூரம். அப்புறம்... போக ஒண்ணும் இல்ல." குரலைச் சரி செய்துகொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சொவரு என்ன கலருங்க? போன்ல ஒரு தடவை சொன்னா. எனக்கு மறந்து போச்சு."

பிரிண்டர் நின்றுவிட்டிருந்தது. அலுவலகமே அவள் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல.

"வெள்ளை" என்றாள் வெர்னா.

"வெள்ளையா."

"ஆமாங்க. நல்ல வெள்ளை. வெளிச்சமாத்தான் இருந்துது."

"சரிங்க" என்றாள் கோலின். "ரொம்ப நன்றிங்க. வெளிச்சமா இருந்துதுல்ல."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. மூடியது நன்றாக நினைவிருந்தது. பதின்மூன்றாவது வரி.

சுவர் மஞ்சள்.

அதற்குக் கீழே பதினான்கு. மறுஆய்வு: வியாழன், பிற்பகல் 2:40.

அன்று மாலை வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். போகாமல் இருக்கலாம். எழுதாமல் இருக்கலாம். ஏழு வருடமாக அதைத்தானே செய்கிறாள். ஆனால் அந்தத் தாய் தொலைபேசியை வைத்துவிட்டு, பக்கத்தை இன்னொரு தடவை திறந்து, மஞ்சள் என்று வாசித்திருப்பாள். வாசித்துவிட்டு வெள்ளை என்று சொன்னவளைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்? திகிலை விட அது அதிகமாக வலித்தது. போய் அளப்போம் என்று முடிவு செய்தாள். உள்ளதை எழுதி, கீழே பெயரைப் போட்டு, கோலினைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம். வேலை போகட்டும்.

வியாழன் இரண்டரைக்கு ஆல்டர் தெருவில் காரை நிறுத்தினாள். வழக்கு முடிந்தும் யாரும் வாங்காத வீடு. முன்பக்கம் பலகை அறைந்து, முள்ளுக்கொடி வாசல்வரை ஏறியிருந்தது. எஞ்சினை அணைத்தாள். தூரத்தில் படகுத்துறையின் ஊதல் ஒரு தடவை கேட்டு அடங்கியது. இறங்கினாள். மழை கழுத்துக்குள் போனது. அது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

நகரத்தின் சாவியால் பூட்டைத் திறந்து, டார்ச்சும் இருபத்தைந்தடி இரும்பு அளவு டேப்புமாக உள்ளே போனாள். ஆறு வருடம் மூடிக்கிடந்த வீட்டில் புகையின் வாசனை பழசாகியிருக்க வேண்டும். பழசாகவில்லை. ஈரமும் கரியும், அதற்கு அடியில் எங்கிருந்தோ ஈஸ்ட்டின் புளிப்பும், இப்போதுதான் யாரோ மாவை மூடிவைத்தது மாதிரி. எரிந்த படிக்குப் பதிலாகத் தீயணைப்புத் துறை வைத்துவிட்டுப் போன அலுமினிய ஏணி கீழே இறங்கியது. ஒவ்வொரு படியும் அவள் கனத்துக்கு ஒரு தடவை முனகி, அவள் கால் எடுத்த பிறகு இன்னொரு தடவை முனகியது.

கீழே மழைச் சத்தம் இல்லை.

டார்ச்சை அடித்தாள். சுவரெல்லாம் கரி; வெளிச்சத்தை அப்படியே குடித்துவிடுகிற கறுப்பு. கையுறையால் ஓரிடத்தைத் தேய்த்தாள். மஞ்சள். சின்னக் குழந்தையின் அறைக்கு அடிக்கிற மஞ்சள்.

"சரி" என்றாள் சத்தமாக. தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

கண்ணாடிப் பட்டை இடதுபக்கச் சுவரில், கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில், வெளியே பலகையால் மூடியிருந்தது. அளந்தாள். பதினாலு அங்குல அகலம். ஏழு அங்குல உயரம். எண்களை உரக்கச் சொன்னாள், கூட யாரோ எழுதிக்கொள்வதுபோல. அப்புறம், "நான் அன்னைக்கு வரலை. கார்லயேதான் இருந்தேன்" என்றாள். ஏழு வருடமாகச் சொல்லாத வாக்கியம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. அழுகை வந்தது.

அறையின் நீளத்தையும் எழுத வேண்டும். வரைபடத்தில் பத்தடி. தனியாகப் போகும் ஆய்வாளர்கள் செய்வதுபோல, ஒரு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, டார்ச்சை அக்குளில் இடுக்கி, டேப்பின் தகட்டை எதிர்ச்சுவரை நோக்கி மெல்ல நீட்டினாள். நாலடிவரை வெளிச்சம். அதற்கப்பால் இருட்டு. நாலு. ஐந்து. நீளம் கூடக்கூடத் தகடு தன் கனத்தில் தொய்ந்து ஆடியது. ஏழு. எட்டு.

ஒன்பதடியில் தொய்வு நின்றது.

தகடு நேரானது. சுவரில் முட்டியதில்லை. முட்டினால் கையில் ஒரு தட்டு தெரியும். இது வேறு. கூட வேலை செய்யும் ஆள் மறுமுனையை வாங்கிக்கொண்டது மாதிரி.

பத்து.

அவள் நீட்டவில்லை. தகடு அதுவாகப் போனது. பதினொன்று. பதிமூன்று. சுவர் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அவசரமில்லாமல், ஒருத்தர் பின்னோக்கி நடந்து போகிற வேகத்தில். பதினெட்டு. எண்கள் அவள் கட்டைவிரலுக்கு அடியில் வழுக்கி வழுக்கிப் போயின. இருபத்திரண்டு. இருபத்தைந்து. முடிந்தது.

இருட்டுக்குள்ளிருந்து இரண்டு சின்ன இழுப்பு. பிடிச்சாச்சு, அளவைப் படி என்று வேலைக்காரர்கள் கொடுக்கிற சைகை.

அவள் படிக்கவில்லை. விட்டுவிடலாம். விட்டுவிட்டு ஏணிக்கு ஓடலாம். ஏணி எந்தப் பக்கம்?

இன்னும் இரண்டு இழுப்பு.

"ஜன்னல் இல்ல" என்றாள். "இங்க ஜன்னலே இல்ல. நான் பார்க்கவே இல்ல."

டேப்பின் பெட்டிக்குள் சுருள் மெதுவாக முனகியது. தகடு உள்ளே வர ஆரம்பித்தது. விடுபட்டால் சாட்டை மாதிரி பாய்ந்து வரும். இது பாயவில்லை. விறைப்பாகவே இருந்தது. விறைப்பாக இருந்துகொண்டே சிறிதாகிக்கொண்டிருந்தது.

இருபது.

பதினேழு.

தகட்டை நிறுத்தும் பூட்டுப் பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேதான். விரல் அசையவில்லை.

பதிமூன்று. பத்து. இப்போது அறைக்குள்.

ஈஸ்ட் வாசனை. சூடு.

எட்டு.

ஆறு.

டேப் தொய்யவில்லை.

நாலு. வெளிச்சம் போய் நிற்கிற விளிம்பில் தகட்டின் நுனி தெரிந்தது. அதை நாலு கரிய விரல்கள், பதமாக, அளவு ஒரு நூல்கூடப் பிசகிவிடக் கூடாது என்பதுபோல, மட்டமாகப் பிடித்துக்கொண்டு வந்தன.