சனிக்கிழமை பத்து மணி எல்லோருக்கும்

சலவை அறைக் கதவைத் திறந்த ரூனா அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே நான்கு பேர். நான்கு பேரிடமும் அழுக்குத்துணிக் கூடை.

கோத்தென்பர்க் நகரில் எங்கள் கட்டடத்தில் யாரும் கத்திச் சண்டை போடுவதில்லை. எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறையின் சுவரில் சீட்டு ஒட்டுவோம். ‘உலர்த்தும் எந்திரத்தில் துணிப் பஞ்சை அள்ளாமல் போன மனிதருக்கு வணக்கம்’ என்று தொடங்கும். அடியில் பெயர் இருக்காது.

அந்தச் சீட்டுகளை ஒழிக்கத்தான் பதினொரு வயது ரூனா, சலவை நேரம் பதியவும் குறை எழுதவும் ஒரு செயலி அமைத்தாள். அதை நடத்துவது பெரிய கம்பெனி இல்லை. சலவை அறை அலமாரியில் இருக்கும் ஒரு பழைய கணினி. எதிர்க் கட்டடத்திலும் அதேபோல் ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்; அங்கே எழுதுவது இங்கேயும் தெரியும். இரண்டுக்கும் முதலாளி கிடையாது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் கொன்ராட் ஒரு மாதம் அனுமதி தந்திருந்தார்.

“ஒழுங்கா ஓடினா இருக்கட்டும். இல்லன்னா பிளக்கைப் பிடுங்கிடுவேன்.”

அந்த மாதம் இன்றோடு முடிகிறது.

நேற்று மாலை ரூனாவுக்குக் கைப்பந்துப் பயிற்சி. அதனால் சலவை நேரம் ஒதுக்கும் வேலையை ஒரு ஏஐ சாட்பாட்டிடம் விட்டிருந்தாள். “யார் மனசும் கோணாம பதில் சொல்லு” என்பது மட்டுமே அவள் சொன்ன கட்டளை.

யார் மனமும் கோணவில்லை, இன்று காலைவரை.

“பத்து மணி எனக்குத்தான். ‘அருமையான தேர்வு, மைக்கன்!’னு சொல்லிச்சே” என்றார், டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற மைக்கன்.

“எனக்கும் அதே அருமையான தேர்வுதான்” என்றார் மாடிவீட்டு செலாம். அவர் முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கு ‘உங்களுக்காகவே காத்திருக்கிறோம்’னு வந்துச்சு” என்றார் யோர்கன்.

“நீங்க எதிர்க் கட்டடமாச்சே!” என்றாள் ரூனா.

“எங்க மெஷின்ல வெள்ளை வெள்ளையா வரலன்னு எங்க கட்டடச் செயலியில சும்மா புலம்பினேன். உடனே உங்க சாட்பாட் கூப்பிட்டுச்சு. எவ்வளவு அன்பா பேசுது தெரியுமா? எங்க வீட்ல அப்படி யாரும் பேசமாட்டாங்க.”

கொன்ராட் சிரிக்கவில்லை. அவருடைய ஒரு கையில் கூடை. இன்னொரு கை அலமாரிக்குப் பின்னால், பிளக்கின் மேல்.

“உங்களுக்குமா, கொன்ராட்?”

“எனக்கும்தான்.”

குழாய் சொட்டுவது கேட்டது. ரூனாவின் காதுகள் சிவந்தன.

“தப்பு என்னோடது. எல்லாருக்கும் சரின்னு சொல்லவெச்சிட்டேன். முடியாதுன்னு சொல்லக் கத்துக்கொடுக்கல.”

கைப்பேசியை எடுத்துச் சாட்பாட்டை நிறுத்தினாள். பிறகு நான்கு கூடைகளையும் பார்த்தாள்.

“கூடையில என்ன இருக்குன்னு அது யாரையுமே கேக்கல. நான் கேக்கட்டுமா?”

அடுத்தவர் கூடைக்குள் எட்டிப் பார்ப்பது எங்கள் ஊரில் பல் துலக்கும் பிரஷைக் கடன் கேட்பதுபோல. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

செலாம்தான் முதலில் வாய் திறந்தார். “குழந்தைத் துணி. மாத்திவிட வேற இல்ல.”

“படுக்கை விரிப்பு, வெள்ளை” என்றார் மைக்கன்.

“சட்டை, வெள்ளை” என்றார் யோர்கன்.

கொன்ராட் தொண்டையைச் செருமினார். “வெள்ளைதான். ஆனா... வாத்துப் படம் போட்டது.”

“ரெண்டு மெஷின் இருக்கே! குழந்தைத் துணி ஒண்ணுல. வெள்ளையெல்லாம் சேர்த்து இன்னொண்ணுல.”

“சேர்த்தா?” மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன.

“துணிங்களுக்குள்ள சண்டை இல்லையே?” என்றாள் ரூனா.

மைக்கன் தன் விரிப்பை அணைத்துக்கொண்டார். “வாத்து சாயம் போகுமா?”

“ஏழு வருஷமா போகல” என்றார் கொன்ராட் கம்பீரமாக.

எந்திரம் சுழன்றது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வாத்துகள் போட்ட உள்கால்சட்டை ஒன்று வந்துவந்து போனது. நான்கு பெரியவர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். விழித்துக்கொண்ட குழந்தை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் கைதட்டியது. முதலில் யோர்கன் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ஆனாலும் கொன்ராடின் ஒரு கை பிளக்கை விட்டு நகரவில்லை.

துணிகள் காய்ந்தன. மைக்கன் பெரிய விரிப்பு ஒன்றை உதறினார். தனியாக மடிக்க வரவில்லை. மறுமுனையைக் கொன்ராட் பக்கம் நீட்டினார்.

கொன்ராட் விரிப்பைப் பார்த்தார். ரூனாவைப் பார்த்தார்.

“செயலி இருக்கட்டும். அந்த வாயாடி மட்டும் வேண்டாம்.”

“அதை அப்பவே வேலையை விட்டுத் தூக்கியாச்சு!” என்றாள் ரூனா.

“இழுத்துப் பிடிங்க, கொன்ராட்” என்றார் மைக்கன்.

கொன்ராட் இரண்டு கைகளாலும் பிடித்தார்.