பதினான்கு மீட்டர்

காலை ஒன்பதரைக்கு வாசிப்பு அறையைத் திறந்து, கேமராவைத் துடைத்து, மூன்று நாற்காலிகளைப் போட்டு வைப்பது என் வேலை. கட்டட மதிப்பீட்டாளருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டால், பதினேழு வருட சர்வீஸுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியது இதுதான். கம்பி எத்தனை டன், சிமெண்ட் எத்தனை மூட்டை என்று நான் காபி குடித்து முடிப்பதற்குள் கணிப்பான் என்கிற இயந்திரம் போட்டுவிடுகிறது. அதை உரக்கப் படித்துக் காட்ட மட்டும் சட்டத்துக்கு ஒரு மனிதத் தொண்டை தேவைப்படுகிறது.

அன்று வந்தவர்கள் தணிகாசலமும் அவர் மனைவி தேசம்மாவும். கடல் ஏறிக் காசிமேட்டுப் பக்கம் வீடுகள் போனதிலிருந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு மேம்பாலத்துக்கு அடியில் குடியிருப்பவர்கள். எங்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அன்று காலைதான் அவர் பெயரை ஏற்றியிருந்தோம். வேலை என்னவென்றால், டெண்டர் கிடைத்தால் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பது.

அடுக்குமாடி ஒன்று சாய்ந்து முந்நூறு பேர் போன பிறகு வந்தது குடியுறுதிச் சட்டம். டெண்டர் எடுக்கும் நிறுவனத்தின் குடும்பம் ஒன்று தரைத்தளத்தில் பன்னிரண்டு வருடம் வாழ வேண்டும். தன் பிள்ளை தூங்குகிற வீட்டில் எவன் கம்பியைக் குறைப்பான்? நல்ல சட்டம்தான். முதலாளிகள் மூன்று வருடம் அப்படி வாழவும் செய்தார்கள். பிறகு ஒரு திருத்தம் வந்தது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் அதுவும் நிறுவனத்தின் குடும்பம்தானாம். மறு வாரமே முதலாளிகள் காலி செய்தார்கள், அவர்களுக்குப் பதிலாகச் சம்பளத்துக்குக் குடியிருக்க உறுதிக்குடிகள் வந்தார்கள். அது அநியாயம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை.

டெண்டர் பட்டியலில் உள்ளதை ஒவ்வொரு இனமாக நான் படிக்க வேண்டும். உறுதிக்குடி "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். "மறுக்கிறேன்" என்றால் அந்த இனத்தை மாற்றியே ஆக வேண்டும். குடியிருக்கப் போகிறவர் இன்னும் பலமாகக் கட்டு என்று கேட்பதற்காகக் கொடுத்த உரிமை அது. டெண்டர் கிடைக்கும் வாய்ப்பும் கட்டடத்தின் அபாயமும் சுவர்த்திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

கதவு, ஜன்னல், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் இருவரும் சம்மதம் சொன்னார்கள்.

"அடித்தூண், நூற்று அறுபது. ஆழம் இருபத்திரண்டு மீட்டர்" என்று படித்தேன். கட்டடம் வரப்போகிற சதுப்பில் கெட்டி மண் இருபத்தொன்றில்தான் வருகிறது. விதிப்படி பதினான்கு போதும். முதலாளியும் பதினான்குதான் போடச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டை நானாகப் போட்டேன்.

தணிகாசலம் திரையைப் பார்த்தார். வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தொன்று.

"இது இன்னா மேடம், இவ்ளோ கம்மியா கீது?"

"தூணுக்குத்தான் செலவு அதிகம்ணா. ஆழமா போனாத்தான் கட்டடம் நிக்கும்."

"கம்மி பண்ணா?"

பதினான்கைத் தட்டிக் காட்டினேன். வாய்ப்பு அறுபத்தெட்டுக்கு ஏறியது. அதற்குக் கீழே, பன்னிரண்டு வருடத்தில் சாயும் அபாயம் நூற்றுக்கு மூன்று என்று சிவப்பில் வந்தது.

"நூத்துல மூணுன்னா," என்று தேசம்மா முதல் முறையாகப் பேசினாள், "எங்க நாலு பேர்ல எத்தினி பேரு மேடம்?"

"அப்படி வராதும்மா. வந்தா நாலு பேருக்கும். இல்லன்னா யாருக்கும் இல்ல."

அவள் புருஷனின் கையைப் பிடித்தாள். "ஆழமாவே இருக்கட்டுமே. இது போனா வேற டெண்டர் வராதா?"

"நாலு வருஷமா வேற டெண்டர், வேற டெண்டருன்னு நானும் கையெழுத்துப் போட்டுனுதான் கீறேன். பெரியவளுக்கு பதினாலு ஆவுது. பாலத்தடியில அவள வெச்சினு நான் படுற பாடு இந்தத் திரையில வருதா?" என்றவர் கேமராவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "மறுக்கிறேன்."

"அண்ணா, கொஞ்சம் யோசிச்சு..."

"மறுக்கிறேன் மேடம். பதினாலு போடு."

சட்டப்படி அதற்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது. பதினான்கு என்று படித்தேன். அவர் சம்மதம் என்றார். தேசம்மாவும் சொன்னாள். குரல் சரியாகப் பதிவாகவில்லை என்று கணிப்பான் அவளை இரண்டாம் முறை சொல்ல வைத்தது.

மூன்று மணிக்கு அதே திரையில் எல்லாக் கம்பெனிகளின் டெண்டர் விலைகளையும் திறந்தார்கள். முதலிடம் எங்களுக்கு. தணிகாசலம் என்னைக் கும்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிள்ளைகளுக்குப் போன் போட வெளியே ஓடினார்.

இரண்டாம் விலையை நான் இரண்டு முறை படித்தேன். வழக்கமாக அடிமாட்டு விலை போடுகிற கம்பெனி அன்று போட்டியிலேயே இல்லை. அவர்களுடைய உறுதிக்குடி கடைசி நேரத்தில் பயந்துபோய் வரவில்லையாம். மற்றவர்கள் எல்லாம் எங்களைவிடக் குறைந்தது நாலு கோடி மேலே நின்றார்கள்.

உடனே முதலாளியை அழைத்தேன். தூணை இருபத்திரண்டாகவே இறக்கிவிடலாம், அப்போதும் லாபம் நிற்கும் என்று கெஞ்சினேன். "குடியிருக்கிறவனே ஆழம் வேண்டாம்னு கேமரா முன்னாடி சொல்லிட்டான். உனக்கு ஏம்மா வலிக்குது?" என்று வைத்துவிட்டார்.

திரும்பினேன். தேசம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவதா வந்தவங்களுக்கும் நமக்கும் எவ்ளோ மேடம்?"

"நாலு கோடி."

"அந்தத் தூண ஆழமா போட எவ்ளோ ஆயிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு கோடியே பத்து லட்சம்மா" என்றேன்.

வெளியே தணிகாசலம், அப்பா வீடு வாங்கிட்டேன் என்று பிள்ளைகளிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவராண்ட சொல்லிடாத மேடம். பன்னெண்டு வருசம் அந்த மனுசன் அங்க தூங்கணும்."